மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி

2023 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை 11 மணி இருக்கும். அம்மா சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் நின்றுகொண்டு போன் செய்தார். "ஏப்பா, பத்திரம் எழுதுறவரு அந்த 1974 தாய்ப்பத்திரத்தோட நகலக் கேக்குறாரு. நீதான் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன்னு சொன்னியே, அது எங்க இருக்கு?"

நான் திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தேன். பத்திரம் மதுரையில், எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இருந்தது. இரண்டு டிஸ்கில் இரண்டு பிரதி. வெளியிலிருந்து அதை எடுக்க என் லேப்டாப் வேண்டும், அதில் உள்ள சாவி ஃபைல் வேண்டும், கறுப்புத் திரையில் நாலு கட்டளை அடிக்கத் தெரிய வேண்டும். லேப்டாப்போ அன்று கடையில் கிடந்தது. அம்மா ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரைத் திறந்து, எந்த ஃபோல்டரில் தேடுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். அன்றைய டோக்கன் போனது. திங்கட்கிழமை மறுபடி போனார்.

20 வருடமாக இதே தொழில். கடைகளுக்கும் மில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சர்வர் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுப் பத்திரம் என் ஒருவனால் மட்டுமே எடுக்க முடிகிற இடத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தொலையாமல் காப்பது பாதி வேலை. வேண்டியவர் கையில், வேண்டிய நேரத்தில் கிடைக்கச் செய்வது மீதிப் பாதி. அந்த மீதியை நான் தொடவே இல்லை.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய டெஸ்க்டாப். 8 ஜிபி ராம், சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, தகவலுக்கு இரண்டு 4 டிபி ஹார்டு டிஸ்க். டெபியன் 12 போட்டிருந்தேன். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. சும்மா இருக்கும்போது 35 வாட் இழுக்கிறது. இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 50 யூனிட். முதலில் பரணில் வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் டிஸ்கின் சூட்டைப் பார்த்ததும் படிக்கட்டுக்கு அடியில், தரையோடு தரையாக இறக்கிவிட்டேன்.

அம்மாவுக்குத் தெரிந்த கருவி பிரவுசர். செய்தித்தாள் படிக்கிறார், மின் கட்டணம் கட்டுகிறார், எல்லாம் அதில்தான். புதிதாக எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லாமல், அந்தப் பிரவுசரிலேயே வீட்டு ஃபோல்டர்கள் திறக்க வேண்டும். இதுதான் தேவை. இதற்கு நெக்ஸ்ட்கிளவுட் இருக்கிறது, நல்ல மென்பொருள். இரண்டு அலுவலகங்களில் நானே அமைத்திருக்கிறேன். ஆனால் அது ஃபைல்களின் பட்டியலைத் தனக்கென ஒரு டேட்டாபேஸில் வைத்துக்கொள்கிறது. டிஸ்கில் நேராக ஒரு படத்தைக் கொண்டுபோய்ப் போட்டால், மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லும்வரை அதன் கண்ணுக்குத் தெரியாது. காலண்டர், தொடர்புகள், அரட்டை என்று கூடவே ஒரு சந்தையே வரும். எங்கள் வீட்டுக்குத் தேவை ஒரு கதவு.

நான் எடுத்தது ஃபைல் பிரவுசர். கோ மொழியில் எழுதப்பட்டது, ஒரே ஒரு இயங்கு ஃபைல். ஒரு ஃபோல்டரைக் காட்டி இதைத் திற என்றால், டிஸ்கில் இருப்பதை இருக்கிறபடியே பிரவுசரில் காட்டும். பயனர்கள், அவரவர் உரிமை, பகிர்வு லிங்க் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு சின்ன டேட்டாபேஸ். நாளைக்கே இந்த மென்பொருள் இல்லாமல் போனாலும் ஃபோல்டர்கள் அப்படியே இருக்கும். வேறொரு கதவை மாட்டிக்கொள்ளலாம். அந்த யோசனை வீண்போகவில்லை. இப்போது அந்தத் திட்டத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்துவிட்டார்கள், புதிய வசதிகள் சேர்ப்பதில்லை. அதிலிருந்து பிரிந்து குவாண்டம் என்ற பெயரில் இன்னொன்று வளர்கிறது. மாற வேண்டி வந்தால் ஒரு மாலை நேர வேலை.

நிறுவியது ஒரு ஞாயிறு இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு. தொழிலில் பழகிய கை, டாக்கரில்தான் போட்டது. பத்து நிமிடத்தில் 8080 போர்ட்டில் லாகின் பக்கம் வந்துவிட்டது. அப்போதெல்லாம் முதல் நுழைவுக்குப் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை அதை மாற்றுவது. இப்போது வரும் பதிப்புகள் முதல்முறை ஓடும்போது தாங்களே ஒரு பாஸ்வேர்டை உருவாக்கி, லாகில் ஒரே ஒரு தடவை காட்டுகின்றன. அந்த வரியை அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடத்தில் முடிந்த வேலையை ஒழுங்குக்குக் கொண்டுவர ஆறு மாதம் ஆனது.

முதல் இடறல் அந்த டேட்டாபேஸ் ஃபைலில். கன்டெய்னருக்கு வெளியே அதற்கு ஓர் இடம் காட்ட வேண்டும், காட்டினேன். ஆனால் அந்தப் பெயரில் ஃபைல் முன்கூட்டியே இல்லாவிட்டால் டாக்கர் அதே பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி வைத்துவிடும். மென்பொருள் ஃபைலைத் தேடி, ஃபோல்டரைக் கண்டு, தொடங்க மாட்டேன் என்று நின்றது. அவசரத்தில் இடம் காட்டும் அந்த வரியையே எடுத்துவிட்டு ஓடவிட்டேன். ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. புதிய பதிப்புக்கு மாற்றிய அன்று பழைய கன்டெய்னரோடு சேர்ந்து எல்லாருடைய கணக்கும் பகிர்வு லிங்க்குகளும் போய்விட்டன. ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாஸ்வேர்டு தப்புங்குது" என்று அம்மா சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்தது உரிமைச் சிக்கல். பிரவுசர் வழியாக ஏற்றிய படங்களை என் மனைவி தன் விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து நகர்த்தப் பார்த்தால் முடியவில்லை. காரணம், கன்டெய்னர் ரூட் பெயரில் ஓடியது. அது எழுதிய ஃபைல் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தம். லேப்டாப் வருவது சாம்பா வழியாக, அவர் பெயரில். இந்த இடத்தில் எல்லா ஃபோல்டருக்கும் 777 கொடுத்துவிட்டு எழுந்து போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம், அழிக்கலாம் என்று அர்த்தம். வாசலுக்குப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டுக் கொல்லைக் கதவைக் கழற்றி வைப்பதுபோல. முறையான வழிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வீட்டுக்காரர்களுக்கு என்று ஒரு குரூப் உண்டாக்கினேன். ஃபோல்டர்களை அந்தக் குரூப்பின் பெயருக்கு மாற்றி 2775 கொடுத்தேன். முன்னால் நிற்கும் அந்த 2 முக்கியம்: அந்த ஃபோல்டருக்குள் யார் புதிதாக எதைப் போட்டாலும் அது குரூப்பின் சொத்தாகவே பிறக்கும். ஃபைல் பிரவுசரையும் சாம்பாவையும் அந்தக் குரூப்பில் சேர்த்து, குரூப்புக்கும் எழுதும் உரிமை போகும்படி உமாஸ்க்கை 002 ஆக்கினேன். அதன் பிறகு இந்தப் புகார் வரவே இல்லை.

எனக்குத் தூக்கம் போன இரவு ஒன்று உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலெல்லாம் மின்சாரம் இல்லாத நாள். சாயங்காலம் கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழுந்தது. ஏழு மணிக்கு மனைவி போன் செய்தார். "என்னங்க, எல்லா ஃபோல்டரும் காலியா இருக்கே. எல்லாம் போயிருச்சா?"

வண்டியை எப்படி ஓட்டி வந்தேன் என்று நினைவில்லை. நடந்தது இதுதான்: தகவல் டிஸ்க் விழித்துக்கொள்ள நேரம் எடுத்தது. டிஸ்க் வராவிட்டாலும் சிஸ்டம் தொடங்கட்டும் என்று நானே எழுதி வைத்திருந்தேன். மானிட்டர் இல்லாத பெட்டிக்கு அது தேவையும்கூட. டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. மவுண்ட் ஆக வேண்டிய இடம் லினக்ஸில் வெறும் காலி ஃபோல்டர்தானே, ஃபைல் பிரவுசர் அந்தக் காலி ஃபோல்டரை உள்ளபடியே காட்டிவிட்டது. படங்கள் அத்தனையும் டிஸ்கில் பத்திரமாக இருந்தன.

ஆனால் அதற்குள் அக்கா மகன் பள்ளி ஆண்டு விழாப் படங்கள் 40ஐ ஏற்றி முடித்திருந்தான். அவை போய் விழுந்தது சிஸ்டம் எஸ்எஸ்டியில். நான் டிஸ்கை மவுண்ட் செய்ததும் பழையவை எல்லாம் திரும்பி வந்தன, அவன் ஏற்றிய 40 மட்டும் காணாமல் போயின. அழிந்துபோகவில்லை, மேலே டிஸ்க் வந்து மூடிக்கொண்டதால் அடியில் மறைந்து கிடந்தன. டிஸ்கை மறுபடி கழற்றி, படங்களை வெளியே எடுத்து, சேர வேண்டிய இடத்தில் சேர்க்க இரவு ஒரு மணி ஆனது.

அந்த வாரமே இரண்டு காரியம் செய்தேன். டிஸ்க் இல்லாதபோது அந்தக் காலி ஃபோல்டரில் யாரும், ரூட் உட்பட, எதையும் எழுத முடியாதபடி மாற்றவியலாத குறி ஒன்றை அதற்கு வைத்தேன். பிறகு டாக்கரை எடுத்துவிட்டு ஃபைல் பிரவுசரை நேரடியாக சிஸ்டம்டி சர்வீஸாக ஆக்கி, டிஸ்க் மவுண்ட் ஆகாமல் நீ தொடங்காதே என்று ஒரு வரி எழுதினேன். டாக்கர் நல்ல கருவிதான். ஆனால் ஒரே ஒரு ஃபைலாக வருகிற மென்பொருளுக்கு, ஒரே ஒரு வீட்டில், அது கூடுதல் அடுக்கு. தவறு நடக்கும்போது தோண்ட வேண்டிய ஆழத்தைக் கூட்டுகிறது. இப்போது டிஸ்க் வராவிட்டால் பக்கமே திறக்காது. பக்கம் திறக்கவில்லை என்றால் எனக்குப் போன் வரும், அவ்வளவுதான். காலி ஃபோல்டரைப் பார்த்து யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் இருக்கும் தமிழர்கள் அதிகம் பேசாத ஒன்று தமிழ்ப் பெயர்கள். வீட்டுக்குச் செய்யும்போது அதைத் தவிர்க்க முடியாது. சித்தப்பா தன் படங்களுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைப்பாரா? அவர் வைப்பது இப்படி: "2011 சித்திரை மாதம் அழகர்கோவிலில் பெரிய அக்கா பேரன் முடியிறக்கிக் காது குத்தியபோது மாமன் மடியில் வைத்து எடுத்த படம்". அவருடைய விண்டோஸ் லேப்டாப் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. எங்கள் சர்வரில் ஏற்றினால் பிழை. பாதிப் படம் ஏறுகிறது, பாதி ஏறவில்லை. நெட்வொர்க்கைப் பார்த்தேன், டிஸ்கில் இடம் பார்த்தேன், உரிமைகளைப் பார்த்தேன். லாகைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, பெயர் நீளம்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறிகள்வரை இடம் தருகிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 தருவது 255 பைட். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றே. தமிழில் யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். அதிலும் 'சி' என்பது ச, அதன் மேல் இகரக் குறி என இரண்டு குறி, 6 பைட். 'த்' என்பதும் அப்படியே, புள்ளிக்குத் தனி இடம். ஆக மொத்தம் ஒரு பெயருக்குக் கிடைப்பது 85 தமிழ்க் குறிகள். சித்தப்பாவின் அந்தப் பெயரை எண்ணிப் பார்த்தேன், 300 பைட்டைத் தாண்டியது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, "சித்தப்பா, பேரு சின்னதா இருக்கட்டும், விவரத்தப் பக்கத்துல தனியா எழுதி வைப்போம்" என்றேன். ஒப்புக்கொண்டார். இந்தப் பேச்சு பின்னால் வேறொரு இடத்தில் வந்து சேர்ந்தது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி தன் பழைய மேக் டிஸ்கைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றினான். அதன் பிறகு "பொங்கல்" என்று இரண்டு ஃபோல்டர், ஒரே இடத்தில், எழுத்துக்கு எழுத்து அதே பெயரில். "அண்ணே, இது எப்படி முடியும்? ஒரே பேருல ரெண்டு இருக்கக் கூடாதுல்ல?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. தேடல் கட்டத்தில் பொங்கல் என்று அடித்தால் ஒன்று மட்டும் வந்தது.

'பொ' என்ற எழுத்தில் இருக்கிற ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக வைக்கலாம். அல்லது முன்னால் நிற்கும் கொம்பும் பின்னால் நிற்கும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் அமைப்பு பெயர்களைப் பிரித்தே எழுதி வைத்தது. எங்கள் கீபோர்டுகள் சேர்த்தே எழுதுகின்றன. லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. அதன் கணக்கில் அவை இரண்டு வேறு பெயர்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லாப் பெயருக்கும் இதே கதை. கோவில், தோட்டம், போட்டோ என்று அந்த டிஸ்கில் எத்தனை இருந்தன! கான்வ்எம்வி என்ற சிறு கருவியால் ஓர் இரவில் எல்லாவற்றையும் சேர்த்த வடிவுக்கு மாற்றினேன். முதலில் சும்மா ஓட்டி எதையெல்லாம் மாற்றும் என்று பட்டியல் பார்த்துவிட்டு, பிறகு நிஜமாக ஓட்டினேன். இப்போது வெளியிலிருந்து எந்த டிஸ்க் வந்தாலும் ஏற்றுவதற்கு முன் இதைச் செய்துவிடுகிறேன்.

வரிசைச் சிக்கலும் உண்டு. யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து நிற்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து. நம் நெடுங்கணக்கு அப்படி இல்லை. 35 வருடம் தமிழாசிரியராக இருந்த அம்மாவுக்குப் பட்டியலைப் பார்த்ததும் அது உறுத்தியது. வருடத்தையும் மாதத்தையும் எண்ணாக முன்னால் போட்டுப் பெயர் வைப்பது என்று முடிவு செய்தோம். எண் வரிசையில் சண்டை இல்லை.

வெளியிலிருந்து வர வழி. ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டால் போதும் என்பது பலருடைய நினைப்பு. எங்கள் ரவுட்டருக்கு நெட் நிறுவனம் கொடுத்திருந்த முகவரி 100.70 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் 2012இல் நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. பல வீடுகள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. நம் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் தெருமுனைக் கதவு நம்முடையது இல்லை. அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத வீடுகளிலும் நான் போர்ட் திறப்பதில்லை. பிரவுசரிலிருந்தே சர்வரில் கட்டளை ஓடவிடும் வசதிகூட ஃபைல் பிரவுசரில் உண்டு; அதை அணைத்தே வைக்க வேண்டும், அப்படிப்பட்ட லாகின் பக்கத்தை ஊர் முழுக்கக் காட்டவும் கூடாது. வீட்டாரின் போன்களில் டெயில்ஸ்கேல் போட்டேன். அடியில் ஓடுவது வயர்கார்டு, 2020 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் சுரங்கப்பாதை. அம்மாவின் போனில் ஒரு பொத்தான், பிறகு பிரவுசரில் புக்மார்க். பத்திர எழுத்தர்போல வெளி ஆட்களுக்கு, நான் வாடகைக்கு வைத்திருக்கும் சின்ன கிளவுட் சர்வர் ஒன்றில் எஞ்சின்எக்ஸ் வழியாகப் பகிர்வு லிங்க்கின் பாதையை மட்டும் திறந்தேன். லிங்க்குக்கு பாஸ்வேர்டு உண்டு, 24 மணி நேரத்தில் காலாவதி ஆகும்.

எஞ்சின்எக்ஸை வீட்டுக்குள்ளும் முன்னால் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குறிப்பு ஃபைல்கள் ஏறி, போன் படங்கள் மட்டும் 413 என்ற பிழையோடு திரும்பினால் ஃபைல் பிரவுசரை நோண்டாதீர்கள். எஞ்சின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் உள்ளே விடாது. அந்த வரம்பை உயர்த்த வேண்டும்.

வீடியோக்கள் தனி வேலை. அப்பாவின் 60ஆம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தபோது எடுத்த டிவிடியை அப்படியே ஏற்றினால் பிரவுசர் ஓட்டாது, எம்பெக்-2 அதற்குத் தெரியாது. எஃப்எஃப்எம்பெக் கொண்டு எச்.264க்கு மாற்றி, ஃபைலின் அட்டவணை முன்னால் வரும்படி எழுதச் சொன்னேன். அப்போதுதான் முழுதும் இறங்கும் முன்பே படம் ஓடத் தொடங்கும். அப்பா இப்போது இல்லை. அது ஓடிய முதல் நாள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை.

அழிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான் வைத்திருக்கும் ஃபைல் பிரவுசரில் குப்பைத்தொட்டி கிடையாது. அழித்தால் அழிந்ததுதான். எங்கள் வீட்டு ஏழு வயதுப் பெண் டேப்லெட்டில் "2016" என்ற ஃபோல்டரை ஒரு நொடியில் அழித்தாள். அதன்பிறகு ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, ஒவ்வொரு கணக்கும் எந்த ஃபோல்டருக்குள் நிற்க வேண்டும் என்ற எல்லை, குழந்தைகளுக்குப் பார்ப்பது மட்டும் என்று வைத்தேன். இரண்டு டிஸ்க்கையும் கண்ணாடிப் பிம்பமாக ரெய்டில் வைத்திருந்தால் அன்றைக்கு இரண்டிலும் சேர்ந்தே அழிந்திருக்கும். நான் இரண்டாவது டிஸ்கைத் தனியாக வைத்து, இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் கொண்டு அன்றன்றைய நிலையைத் தனித்தனியாகப் பதிகிறேன். மாறாத ஃபைல்கள் ஹார்டு லிங்க்காக நிற்பதால் இடம் அதிகம் பிடிப்பதில்லை. முந்தின நாள் பதிவிலிருந்து "2016" திரும்பி வந்தது. மூன்றாவது பிரதி ஒரு டிஸ்கில் விருதுநகரில் மாமனார் வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பித்த டிஸ்கை வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருகிறேன்.

பாஸ்வேர்டை மறந்தால் கட்டளை வரியிலிருந்து மாற்றலாம்; ஆனால் சர்வீஸை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டாபேஸை அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்; டைம்அவுட் என்று ஒரே வார்த்தை வரும், காரணம் புரியாது.

அம்மாவுக்கு நான் கற்றுக்கொடுத்தது மூன்று: திறப்பது, ஏற்றுவது, லிங்க் அனுப்புவது. நாலாவதை அவரே கண்டுபிடித்தார். ஃபைல் பிரவுசருக்குள் புதிய எழுத்து ஃபைல் உண்டாக்கி அங்கேயே எழுதிச் சேமிக்கலாம். போன மார்கழியில் சர்வரில் இடம் பார்க்க உட்கார்ந்தவன், பழைய படங்களுக்குப் பக்கத்தில் நான் உண்டாக்காத சின்னச் சின்ன ஃபைல்களைக் கண்டேன். ஒவ்வொரு குழுப் படத்துக்கும் ஒன்று. படத்தின் பெயரே அதற்கும் பெயர், பின்னால் "குறிப்பு". சித்தப்பாவிடம் நான் சொன்னதை அம்மா கேட்டிருக்கிறார். சேமித்த நேரம் பெரும்பாலும் காலை ஐந்திலிருந்து ஆறுக்குள்.

ஒன்றைத் திறந்தேன். 1968, தாத்தா வீட்டு முற்றம். "இடமிருந்து வலம், நிற்பவர்கள்" என்று தொடங்கி ஒவ்வொருவராகப் பெயர், ஊர், யாருக்கு யார் என்ன முறை. உட்கார்ந்திருப்பவர்களில் மூன்றாவது பெண்ணுக்கு நேரே இப்படி எழுதியிருந்தார்: "கொண்டையில் தாழம்பூ வைத்திருப்பவர். சாத்தூர்ப் பெரியம்மாவின் நாத்தனாராக இருக்கலாம். கேட்டு எழுத வேண்டும்."

அந்தப் படத்துக்கு ஒரு பகிர்வு லிங்க் ஏற்கனவே உருவாகியிருந்தது. சாத்தூரில் பெரியம்மாவின் மகனுக்கு முந்தின நாள் அனுப்பியிருக்கிறார். 24 மணி நேரம் போதாது, பெரியம்மாவுக்குக் கண்ணாடி மாற்றக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு வாரமாகப் போடட்டுமா என்று அம்மா கேட்டார். போடச் சொன்னேன்.